வேணிக்கா வண்டியில் ஒரே சட்டம்

நோணாங்குப்பத்திலிருந்து மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைக்கு எங்களைத் தினமும் ஏற்றிப் போகும் வேனில் நாலைந்து சாமான்கள் வேலை செய்யாது. நடு ஜன்னல் மூடாது, மூடிவிட்டால் திறக்காது. பாட்டுப் பெட்டி தானாகப் பாடும், தானாக நிற்கும். ஏ.சி. என்று ஒரு பொத்தான் உண்டு, அதை அழுத்தினால் உள்விளக்கு எரியும். ஆனால் 'நிறுத்து' என்று யார் சொன்னாலும் அந்த வண்டி நின்றுவிடும். அது மட்டும் ஒரு நாளும் தவறியதில்லை.

வண்டியை ஓட்டுவது கமலவேணி. எங்களுக்கு வேணிக்கா. அவரைப் பற்றி எழுதலாம் என்று பேச்சு வந்தபோது வேனில் இருந்த அத்தனை பேரும் ஆளுக்கொரு கதை சொன்னார்கள், எழுத மட்டும் யாரும் முன்வரவில்லை. நான் சுமலதா, பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங், வேனில் கடைசி வரிசை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பதால் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். நீளமான வாய்க்கும் எழுத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன், பேனாவை எடுத்துக் கையில் கொடுத்தார்கள்.

வேணிக்கா பாகூர் பக்கத்துக்காரர். கழனி வேலை பார்த்த குடும்பம். நோணாங்குப்பத்தில் வாழ்க்கைப்பட்டபோது கணவர் காத்தவராயன் மில்லில் இருந்தார். மில் மூடியது. அதற்குப் பிறகு அவர் ஏ.டி.எம். வாசலில் காவலுக்கு உட்கார்ந்தார், வேணிக்கா எங்களோடு பிஸ்கட்டை டப்பாவில் அடுக்க வந்தார். இதே வேனில்தான் வருவார். அப்போது ஓட்டிய டிரைவருக்கு ஒரு பழக்கம். ஸ்டீயரிங்குக்கு மேல் போனை மாட்டிவைத்துப் படம் பார்த்துக்கொண்டே ஓட்டுவான். வேணிக்கா தினமும் சண்டை போடுவார். ஒருநாள் அவன், "அவ்ளோ தெரிஞ்சா நீ வந்து ஓட்டு" என்று திரும்பிச் சொன்னான்.

சொன்னவன் அதை அன்றைக்கே மறந்திருப்பான். வேணிக்கா மறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் டிரைவிங் ஸ்கூலுக்குப் போனார். முதல் நாள் கிளட்சை விட்டதும் வண்டி குதித்துப் போய் ஒரு பிறந்தநாள் பேனரைக் கிழித்ததாம். அந்தத் தலைவர் பேரை இன்றுவரை சொல்ல மாட்டார். லைசென்ஸ் எடுத்தார், பேட்ஜ் எடுத்தார். பழைய டிரைவர் வேறு வேலைக்குப் போனதும் வேன் முதலாளி முன்னால் போய் நின்று, "நான் ஓட்டுறேன்" என்றார். ஓட்டட்டுமா என்று கேட்கவில்லை. வேணிக்காவுக்குக் கேள்வி கேட்கும் பழக்கம் குறைவு.

அந்தப் பழைய டிரைவர் காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இறங்கிய பெண் ஒருத்தியின் துப்பட்டா கதவில் மாட்டிக்கொண்டது, வண்டி நகர்ந்துவிட்டது. உள்ளே கதவோரம் இருந்த பெண் அதைப் பார்த்தாள். நிறுத்தச் சொன்னால் அவன் எரிந்து விழுவான் என்று பயந்து, சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தாள். அதற்குள் வெளியே இருந்தவள் விழுந்து முழங்கையெல்லாம் தோல் உரிந்துவிட்டது. அன்றைக்கு வேணிக்கா விழுந்தவளைத் திட்டவில்லை, டிரைவரைக்கூட அதிகம் திட்டவில்லை. யோசித்தவளைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதனால் ஸ்டீயரிங் பிடித்த முதல் நாளே எழுந்து நின்று சட்டம் போட்டார்.

"இந்த வண்டியில யாரு நிறுத்துன்னு சொன்னாலும் நிறுத்துவேன். எதுக்கு, என்னான்னு கேக்க மாட்டேன். மொதல்ல பிரேக்கு. காரணம் அப்புறம்."

இப்படி ஒரு சட்டம் கிடைத்தால் நாங்கள் சும்மா விடுவோமா? மரப்பாலத்தில் பூக்காரம்மாவைப் பார்த்தால் நிறுத்து. சூடாக போண்டா போட்டால் நிறுத்து. சாப்பாட்டுப் பையை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தால் நிறுத்து. ஒருத்தி வானவில் பார்த்து நிறுத்தினாள். போண்டா விஷயத்தில் என் பெயர் கொஞ்சம் அதிகமாக அடிபடும், அது போகட்டும். ஒவ்வொரு தடவையும் வேணிக்கா பிரேக்கை மிதிப்பார், ஓரம் கட்டுவார், திரும்பிப் பார்ப்பார், காரணத்தைக் கேட்பார், பிறகு வாய்க்கு வந்தபடி திட்டுவார். திட்டை வாங்கிக்கொண்டு நாங்கள் போண்டாவும் வாங்கிக்கொள்வோம். ஆனால் ஒரு தடவைகூட நிறுத்தாமல் போனதில்லை.

எங்களில் ஒருத்திதான் அந்த வார்த்தையைச் சொன்னதே கிடையாது. அவள் பார்வதி.

பார்வதி குழந்தை பெற்றுவிட்டு வேலைக்குத் திரும்பியவள். மகன் அபிக்கு எட்டு மாதம். கணவன் வெற்றிவேல் லாரி டிரைவர், மாதத்தில் பாதி நாள் ஆந்திராவில் இருப்பான். குழந்தையை மாமியார் பார்த்துக்கொள்கிறார். அந்த அம்மாவுக்கு மூட்டுவலி, படி ஏற முடியாது. வீடு நோணாங்குப்பத்தில் படகுத்துறைக்குப் போகும் வழியில், கழிமுகத்துக்குப் பக்கத்துச் சந்தில். சாயந்திரம் வண்டி அந்தச் சந்து முனையைத் தாண்டித்தான் போகும். வேணிக்கா பேச்சு மும்முரத்தில் சில நாள் நிறுத்த மறந்துவிடுவார். வேறு யாராக இருந்தாலும் கத்தியிருப்பார்கள். பார்வதி அடுத்த நிறுத்தத்தில் எங்களோடு இறங்கி, திரும்பி நடந்து போவாள்.

"ஏண்டி, உனக்கு மட்டும் வாய வாடகைக்கா உட்ருக்க?" என்று வேணிக்கா கேட்பார்.

"பரவால்லக்கா, நடந்துடுவேன்" என்பாள் பார்வதி. அவ்வளவுதான் அவள் பேச்சு.

இனி அந்த மழை. புயல் சனிக்கிழமை கரையைக் கடந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கொட்டியது. திங்கட்கிழமை காலையில் வானம் கொஞ்சம் வெளுத்திருந்ததால் கம்பெனியிலிருந்து வரச் சொல்லிவிட்டார்கள். வேணிக்கா வீட்டுக்கு வீடு போன் போட்டு, தண்ணீர் இல்லாத பாதையாகப் பார்த்து எங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். பதினோரு மணிக்கு மறுபடி மழை பிடித்தது. மதியத்துக்குமேல் கரண்டு போனது. ஓவனெல்லாம் நின்றுவிட்டதால் வீட்டுக்குப் போகச் சொன்னார்கள்.

மதியமே பார்வதிக்கு மாமியாரிடமிருந்து போன் வந்திருந்தது. சந்து முனைக்குத் தண்ணீர் வந்துவிட்டது, மேற்கே ஏரியெல்லாம் ரொம்பி ஆற்றில் விடுகிறார்களாம், சீக்கிரம் வா என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே லைன் அறுந்தது. அதற்குப் பிறகு போன் போகவே இல்லை. அவள் என்னிடம் மட்டும் சொன்னாள். நான் வண்டி முழுக்கச் சொன்னேன். அவள் முந்தானையை இழுத்துப் போர்த்தியிருந்தாள். பால் கட்டி ரவிக்கை நனைந்திருந்தது. குழந்தைக்குப் பசிக்கும் நேரம் அது, எங்களுக்கெல்லாம் தெரியும். அந்த வண்டியில் பாதிப் பேர் பிள்ளை பெற்றவர்கள்.

வேணிக்கா ஏறியதும் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, "பார்வதி, உன்ன ஊட்ல உட்றது என் பொறுப்பு. எப்ப உட்றதுங்கிறதும் என் பொறுப்பு. புரிஞ்சுதா?" என்றார். பார்வதி தலையாட்டினாள்.

மூலக்குளம் வரை ஒன்றும் தெரியவில்லை. ரெட்டியார்பாளையத்தில் சக்கரம் பாதி முழுகியது. வேணிக்காவுக்குத் தண்ணீரில் ஓட்டுவதற்கென்று ஒரு முறை உண்டு. தார் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் நடுவில் இருக்கும் மீடியன் தெரிய வேண்டும். இரண்டும் தெரியாவிட்டால் வண்டி போகாது. போகிற இடத்தில் முதல் கியர், ஆக்சிலேட்டரில் வைத்த காலை எடுப்பதில்லை, நடுவில் நிற்பதில்லை. முன்னால் போகிற வண்டி கரை ஏறும்வரை இவர் இறங்க மாட்டார். அப்படிப் போகும்போது எங்களுக்கு மூச்சு விடக்கூட அனுமதி இல்லாத மாதிரி இருக்கும்.

இந்திரா காந்தி சதுக்கத்துக்கு முன்னாலேயே எங்கள் ஊர்ச் சிவப்புத் தொப்பி போலீஸ்காரர் ஒருவர் மழைக்கோட்டோடு நடுரோட்டில் நின்று கையைக் குறுக்கே ஆட்டினார். அந்தப் பக்கம் ஒரு ஆட்டோவின் கூரை மட்டும் தெரிந்தது. வேணிக்கா அவரோடு வாதாடவில்லை, வண்டியைத் திருப்பினார். உள்தெருக்கள் வழியாக ஊர்ந்தோம். தண்ணீர் வடியட்டும் என்று தெருக்காரர்கள் சாக்கடை மூடியைத் தூக்கிவிட்டு, அந்தக் குழியில் மரக்கிளையையோ உடைந்த நாற்காலியையோ நட்டுவைத்திருந்தார்கள். வேணிக்கா ஜன்னலை இறக்கி வாசலில் நிற்பவர்களிடமெல்லாம், "அண்ணே, இந்தப் பக்கம் மூடி தெறந்திருக்கா?" என்று கேட்டுக் கேட்டுப் போனார். எங்கள் வண்டி அலை எழுப்பாமல் போனதால் யாரும் திட்டவில்லை. ஒருவர் குடையோடு முன்னால் நடந்து தெருமுனைவரை வழிகாட்டினார்.

நூறடிச் சாலைக்கு வந்து மேம்பாலம் ஏறியதும் எல்லோருக்கும் உயிர் வந்தது. இதைத் தாண்டினால் மரப்பாலம், அப்புறம் முருங்கப்பாக்கம், அரியாங்குப்பம், வீடு. ஆனால் பாலம் இறங்கிக் கொஞ்ச தூரத்தில் ரோடு காணாமல் போயிருந்தது. பள்ளமான இடம். வலது பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தின் மஞ்சள் சுவர், இடது பக்கம் மூடிய கடைகள், நடுவில் பழுப்புத் தண்ணீர். மீடியனும் முழுகியிருந்தது. வேணிக்கா தண்ணீருக்கு வெளியே வண்டியை நிறுத்தினார்.

"ரெண்டுமே தெரியல. இருப்போம்" என்றார்.

இருந்தோம். எங்களைத் தாண்டி ஒரு பஸ் போனது, பின்னாலேயே ஒரு டேங்கர் லாரி போனது. இரண்டும் கரை ஏறிவிட்டன. வண்டிக்குள் முணுமுணுப்பு எழுந்தது. முணுமுணுப்பில் எனக்கு நம்பிக்கை கிடையாது, நேராகவே கேட்டுவிட்டேன்.

"யக்கா, பஸ்ஸு போவுது, லாரி போவுது. நம்ம மட்டும் என்னா மண்ணா கரையறதுக்கு?"

"அவன் வண்டி ஒசரம் வேற, என் வண்டி ஒசரம் வேற."

"அந்தப் புள்ள முகத்தப் பாருக்கா. அங்க கொழந்த என்னா ஆச்சோ."

"பாத்துட்டுதான் இருக்கேன்" என்றார் வேணிக்கா. கண்ணாடியில் அவர் கண் பார்வதிமேல்தான் இருந்தது. "நீ கொஞ்சம் வாய மூடு."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எட்டு மாதக் குழந்தை தண்ணீர் ஏறும் வீட்டில், படி ஏற முடியாத கிழவியோடு இருக்கிறது. இந்த அம்மா சட்டம் பேசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதே என்று நினைத்தேன். பார்வதி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. இடது ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி, அந்தக் கடை வரிசையில் இருந்த டீக்கடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி ஒரு பஸ் போனது. அது கிளப்பிய அலை மண்டபத்துச் சுவரில் அடித்துத் திரும்பி எங்கள் டயரை நனைத்தது.

வேணிக்கா குடையை விரித்துக்கொண்டு இறங்கினார். தண்ணீருக்குள் கால் வைக்கவில்லை. ரோட்டைக் குறுக்கே கடந்து போய் மஞ்சள் சுவரைக் குனிந்து பார்த்தார். சுவரில் தண்ணீருக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் குப்பை வரிசையாக ஒட்டியிருந்தது. காகித டம்ளர், தெர்மாகோல் துண்டு, இலைச் சருகு. தண்ணீர் அந்த உயரத்தில் இருந்து இறங்கினால் குப்பை அப்படி ஒட்டி நிற்கும். வேணிக்கா பாகூர் பக்கத்தில் வெள்ளம் பார்த்து வளர்ந்தவர், இது அவருக்குத் தெரிந்த கணக்கு. திரும்பி வந்தபோது முகம் தெளிந்திருந்தது.

"எறங்குது. ஒரு சாண் எறங்கிருக்கு. முன்னாடி இதே பள்ளத்துல முழங்கா தண்ணி இருக்கச்சொல்லோ போயிருக்கேன். கடைக்காரங்க வாய்க்கா மேல போட்ட கல்லு ஓரமாவே புடிச்சிப் போயிடலாம்."

வண்டிக்குள் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நான் பார்வதியின் தோளைத் தட்டினேன். அவள் திரும்பவில்லை. தோள் கல்லாக இருந்தது. பயப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் கியர். முன்சக்கரம் தண்ணீரில் இறங்கியது. தண்ணீர் வண்டியின் கீழ்ப்படியைத் தொட்டது.

"நிறுத்து."

யார் குரல் என்று முதலில் எனக்குத் தெரியவில்லை. அவ்வளவு பழக்கமில்லாத குரல். வேணிக்கா பிரேக்கை மிதித்துவிட்டார். எஞ்சின் உறுமிக்கொண்டே இருந்தது.

பார்வதிதான். எழுந்து நின்றிருந்தாள்.

அவளைவிட வீட்டுக்குப் போக வேண்டியவர்கள் அந்த வண்டியில் யாரும் இல்லை. நான் வாயைத் திறப்பதற்குள் வேணிக்கா ரிவர்ஸ் போட்டுவிட்டார். ஏன் என்று கேட்கவில்லை. தன் கணக்கை நம்புவதா, அவளை நம்புவதா என்று யோசிக்கவும் இல்லை. பின்னால் நின்ற கார்க்காரன் ஹாரன் அடித்தான், ஜன்னலைத் திறந்து ஏதோ சொன்னான். வேணிக்கா இண்டிகேட்டரைப் போட்டுக்கொண்டு தண்ணீருக்கு வெளியே வந்து, அதோடு நிற்காமல், மெதுவாகப் பின்னாலேயே போய் மேம்பாலத்தின் சரிவில் ஏற்றி நிறுத்தினார். கை பிரேக்கைப் போட்டார். கல் எடுத்துச் சக்கரத்துக்கு வைக்கச் சொன்னார். எல்லாம் முடிந்த பிறகு திரும்பினார்.

"இப்ப சொல்லு."

"டீக்கடைக்கா" என்றாள் பார்வதி. "நாம வந்தப்ப மேல்படியில ஒரு நாய் படுத்துருந்துச்சு. அதுக்குக் கீழ ரெண்டு படி காஞ்சிருந்துச்சு. அப்புறம் ஒரு படி போச்சு. அப்புறம் நாய் எழுந்து நின்னுடுச்சு. நீங்க வண்டி எடுக்கறப்ப அது பெஞ்சு மேல ஏறிடுச்சுக்கா. தண்ணி எறங்கல. ஏறுது."

வேணிக்கா எட்டி டீக்கடைப் பக்கம் பார்த்தார்.

"நான் முன்னமே பாத்தேன்" என்றாள். "சொல்லல. எறங்குதுன்னு நீங்க சொன்னீங்க, அப்படியே இருக்கட்டும்னு நெனச்சிட்டேன். போயிடணும்னு இருந்துச்சு." அதற்குமேல் அவளால் பேச முடியவில்லை. உட்கார்ந்து அழுதாள்.

வேணிக்கா இறங்கிப் போய்ப் பாலத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தார். நானும் பார்த்தேன். இன்னொரு பஸ் அந்தப் பள்ளத்தில் போனது. அது தள்ளிய தண்ணீர் மஞ்சள் சுவரில் ஏறி, இரண்டு டம்ளர்களைப் பழைய குப்பைக்கும் மேலே ஒட்டவைத்துவிட்டுக் கீழே வந்தது. வேணிக்கா அதைப் பார்த்ததும் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"பஸ்ஸு அடிச்ச அலை. அத நான் தண்ணி எறங்குன கோடுன்னு பாத்துட்டு வந்துருக்கேன். எங்க ஊரு வெள்ளத்துல ஏது பஸ்ஸு?" என்றார். வெட்கப்பட்ட குரல் இல்லை. தப்பு எங்கே என்று கண்டுபிடித்துவிட்ட குரல். "சரி. இனிமே செவுத்தையும் பாப்போம், படியையும் பாப்போம்."

பிறகு பார்வதி பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "நீ முன்னாடியே சொல்லலங்கறது உண்மதான். ஆனா சொன்ன பாரு. பெத்த புள்ள அந்தாண்ட இருக்கப்ப, நானா இருந்தா சொல்லிருப்பேனான்னு எனக்குத் தெரில" என்றார்.

அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

பாலத்தின்மேல் போன் சிக்னல் விட்டு விட்டு வந்தது. வேணிக்கா கணவர் காத்தவராயனைப் போனில் பிடிக்கப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் அவரே கூப்பிட்டார். வேணிக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

"பார்வதி ஊட்டு ஆளுங்கள நானும் பக்கத்து ஊட்டுப் பசங்களும் தூக்கிக்கினு வந்து ஸ்கூல் மாடியில உட்டுட்டோம். கெழவிய நாற்காலியோட தூக்கினோம், அது எங்கள திட்டிக்கினே வந்துச்சு. கொழந்த நல்லாக்கீது. பசிச்சு அழுதுச்சு, எதிர் ஊட்டுப் பொண்ணு பால் குடுத்துட்டுது. இன்னமும் அழுவுது. அதுக்கு அவங்க அம்மா வேணுமாம்" என்றார்.

பின்னால் அபி அழும் சத்தம் கேட்டது. ஊரைக் கூட்டும் அழுகை. பார்வதி போனைப் பிடுங்கிக் காதில் வைத்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் ஓட ஓடச் சிரித்தாள். குழந்தை அழுவதைக் கேட்டு வண்டி முழுக்கச் சிரித்தது அன்றைக்குத்தான்.

அன்று ராத்திரி பக்கத்தில் திறந்துவைத்திருந்த ஒரு கூடத்தில் தங்கினோம். யாரோ சாம்பார் சாதம் கொண்டுவந்தார்கள். காலையில் மழை விட்டிருந்தது, கடலும் தண்ணீரை உள்வாங்கிக்கொண்டதால் ரோடு தெரிந்தது. அந்தப் பள்ளத்தைத் தாண்டும்போது வேணிக்கா வண்டியை நிறுத்தி எங்களைப் பார்க்கச் சொன்னார். ரோட்டோரம், கடைகளுக்கு முன்னால், வாய்க்கால் மேல் போட்ட கல்மூடிகள் இரண்டைக் காணோம். வெள்ளம் இழுத்துப் போயிருந்தது. ஆள் உயரப் பள்ளம் வாயைத் திறந்து கிடந்தது. மீடியன் தெரியாத தண்ணீரில் எங்கள் இடது சக்கரம் அந்த ஓரத்தைத்தான் பிடித்துப் போயிருக்கும்.

வேணிக்கா பிரேக்கை இரண்டு மூன்று தடவை மிதித்து, ஈரம் போய்ப் பிடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டு கிளம்பினார். பார்வதியின் சந்து முனையில் சேறு. காத்தவராயன் குழந்தையோடு ரோட்டுக்கே வந்து நின்றிருந்தார். வண்டி நிற்பதற்குள் பார்வதி கதவைத் திறக்கப் போனாள், "நின்னதும் எறங்குடி" என்று ஒரு அதட்டல் விழுந்தது. நின்றதும் இறங்கினாள். அபி அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டதைப் பார்த்துவிட்டுத்தான் வண்டி நகர்ந்தது.

அதற்குப் பிறகு எங்கள் வண்டியில் ஒரு வேடிக்கை நடந்தது. ஒருத்தரும் 'நிறுத்து' என்று சொல்வதில்லை. யாரும் பேசிவைத்துக்கொள்ளவில்லை, தானாகவே நின்றுவிட்டது. அன்றைக்குப் பார்வதி சொன்ன வார்த்தையைப் பூவுக்கும் போண்டாவுக்கும் சொல்வது பாவம் என்று ஆளாளுக்குத் தோன்றிவிட்டது. மரப்பாலத்தில் பூக்காரம்மா எங்கள் வண்டியைப் பார்த்து எழுந்து நிற்பாள், நாங்கள் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவோம். எனக்குப் போண்டா வாசனை வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். எங்கள் வேன் மற்ற வேன்களுக்கு முன்னால் கம்பெனிக்குப் போய்ச் சேர ஆரம்பித்தது.

வேணிக்கா ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார். அடுத்த திங்கட்கிழமை சாயந்திரம் மரப்பாலத்தில், யாரும் சொல்லாமல், பூக்காரம்மா முன்னால் வண்டியை ஓரம் கட்டினார். எஞ்சினை அணைத்தார். எழுந்து நின்று எங்களைப் பார்த்தார். முதல் நாள் சட்டம் போட்டபோது நின்ற அதே நிலை.

"என்னாங்கடி, கோயில் மந்திரமா அது? வாயில வெச்சுப் பூட்டிக்கிட்டீங்க?"

நான்தான் பதில் சொன்னேன். "இல்லக்கா, சும்மா சும்மா சொல்றது தப்புன்னு..."

"எது தப்பு? நீங்க போண்டாவுக்கு நிறுத்தச் சொல்லச் சொல்லத்தான் என் காலு யோசிக்காம பிரேக்குக்குப் போவ பழகுச்சு. அன்னிக்கு இவ சொன்னப்ப நான் யோசிச்சிருந்தா என்னா ஆயிருக்கும்? அந்தப் பள்ளத்தப் பாத்தீங்கல்ல." மூச்சு வாங்கிக்கொண்டார். "இவ்ளோ நாளா வாய தொறக்காதவ, வாயவே தொறக்க முடியாத அன்னிக்குத் தொறந்தா. எல்லாருக்கும் அப்படி வராது. எனக்கும் வராது. அதனால சொல்லிப் பழகுங்க. பூவுக்குச் சொல்லுங்க, போண்டாவுக்குச் சொல்லுங்க. நான் திட்டுவேன், வாங்கிக்குங்க."

சொல்லிவிட்டு உட்கார்ந்து வண்டியை எடுத்தார். பூக்காரம்மா கையில் எடுத்த சரத்தோடு அப்படியே நின்றாள். வண்டி நாலு அடி போயிருக்காது.

"நிறுத்துங்கக்கா" என்றாள் பார்வதி.

பிரேக் விழுந்தது. கடைசி வரிசையில் இருந்த நான் எனக்கு முன்னால் இருந்த சீட்டில் போய் முட்டிக்கொண்டேன். வேணிக்கா ஓரம் கட்டினார், திரும்பினார், கண்ணை உருட்டிக்கொண்டு கேட்டார்.

"எதுக்குடி?"

"ஒண்ணுமில்லக்கா" என்றாள் பார்வதி. "சும்மாதான்."

வேணிக்கா அன்றைக்கு அவளைத் திட்டிய திட்டு முருங்கப்பாக்கம் வரைக்கும் வந்தது. பார்வதி ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள்.